ஏழு தண்ணீர் அரிசி

ஆலம்பாறை மடத்துக்கு ஏறிப்போக முந்நூற்றுப் பன்னிரண்டு படி. இறங்கும்போது எண்ணினால் முந்நூற்றுப் பத்துதான் இருக்கும். மிச்சம் இரண்டு படியும் அந்த நேரம் பார்த்து ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கும் என்று அடிவாரத்தில் சொல்வார்கள்.

அந்தப் படிகளில் ஒருநாள் கோமதிநாயகம் மூச்சு வாங்க ஏறி வந்தார். வயது அறுபத்தொன்று. தென்காசிப் பக்கம் முப்பத்தைந்து வருஷம் அரிசி மில் நடத்தியவர். மனைவி போன பிறகு மில்லை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையோடு கிளம்பிவிட்டார்.

மேலே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். தாடியும் தடியுமாக மடத்துச் சாமியார் யாராவது இருப்பார்கள் என்று நினைத்திருந்தார். நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தேடாதீங்க அண்ணாச்சி. நான்தான்,” என்றார் செண்பகவல்லி அம்மை. “என்ன வேணும்?”

“மனசு வெள்ளையாகணும் அம்மை.”

“இதுவரைக்கும் எவ்வளவு ஆயிருக்கு?”

கோமதிநாயகத்துக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. மில்லில் சரக்கு பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான் கேட்பார்கள்.

“மில்லை மறந்தாச்சு. வீட்டை மறந்தாச்சு. மகன் போன் பண்ணுவான், எடுக்கிறதில்லை. பேத்தி பேரு ஒண்ணுதான் நாக்கு நுனியிலேயே நிக்கி. அதையும் தேய்ச்சு எடுத்துட்டா முடிஞ்சுது. இன்னும் எவ்வளவு வெள்ளையாகணும்னு நீங்க சொன்னா போதும்.”

அம்மை வாளியைக் கீழே வைத்தார்.

“சோறு பொங்கத் தெரியுமா?”

“அரிசியைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை.”

“அப்ப அடுப்பைப் பாருங்க. பதில் வெந்ததும் சொல்லுதேன்.”

மடத்தில் ஆள் மூன்றுதான். அம்மை, கோமதிநாயகம், மாசானம். நாலாவதாக ஒரு செவலைப் பசு. யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று காலையும் மாலையும் சுற்றிவந்து பார்க்கும். திருப்தி இல்லையென்றால் முட்டும். அதனால் அதற்குத் தாசில்தார் என்று பெயர்.

மாசானத்துக்கு முப்பது வயது. ஆற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருவதும், உரலில் நெல் குத்துவதும், சாயங்காலம் மணி அடிப்பதும் அவன் வேலை. ஒருமுறை பெரிய பாறை ஒன்று உருண்டு வந்து படியை மறித்துக்கொண்டது. மாசானம் அதன் முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தான். பாறை ஓரமாகத் தள்ளிப் படுத்துக்கொண்டது. பாறையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். ஆனால் அது இன்றைக்கும் ஓரத்தில்தான் கிடக்கிறது.

ஐப்பசி பிறந்தால் வெள்ளை நோன்பு. தொண்ணூறு நாள் சோறு, மோர், உப்பு தவிர வேறொன்றும் நாக்கில் படக்கூடாது. மடத்தை உண்டாக்கிய பெரியசாமி வைத்த வழக்கம். வெள்ளை மனசுக்கு வெள்ளைச் சோறு என்று ஒரு கட்சி. பெரியசாமிக்குக் கடைசிக் காலத்தில் பல் இல்லை, காரணம் அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி. நோன்பு அரிசியை ஏழு தண்ணீர் அலச வேண்டும், ஏழாவது தண்ணீரில் அலசுகிறவன் முகம் தெரிய வேண்டும் என்பதும் அவர் வைத்ததுதான்.

அம்மைக்கு மட்டும் அந்த நாட்களில் நோன்பு வேறு. ஊர் ஊராக நடப்பார். யார் வீட்டில் எதைப் போடுகிறார்களோ அதைச் சாப்பிடுவார்.

“ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க,” என்று சொல்லிவிட்டு ஐப்பசி முதல் தேதி படி இறங்கினார்.

அன்றைக்கே கோமதிநாயகம் உரலுக்குள் எட்டிப் பார்த்தார். மாசானம் குத்தி வைத்திருந்த அரிசி பழுப்பாக, அங்கங்கே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு கிடந்தது.

“ஏல, இது என்ன?”

“நோன்பு அரிசி அண்ணாச்சி.”

“வெள்ளை நோன்புக்கு இந்த அழுக்கு அரிசியா? எத்தனை தண்ணி அலசுவே?”

“ஏழு.”

“அலசிக் காட்டு.”

மாசானம் அரிசியில் தண்ணீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றினான். “ஒண்ணு,” என்றான். இன்னொரு சுழற்று. “ஏழு,” என்று சட்டியைக் கீழே வைத்தான்.

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே அடிவாரத்துக் கடைக்காரர் மூலம் மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அவராகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மூட்டைகள் வந்தன. மடத்துக்கு இரண்டு முறை பாலிஷ் போட்ட முதல்தரப் பச்சரிசி. மாட்டுக்குத் தனியாக மூன்று மூட்டை புதுத் தவிடு.

அந்த அரிசியின் வெள்ளையைச் சொல்லி முடியாது. அமாவாசையன்று சாமான் அறைக்கு விளக்கு எடுத்துப் போக வேண்டாம். ஆற்றங்கரைக் கொக்கு ஒன்று ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை.

“இனி நீ உலக்கையத் தொடவேண்டாம்,” என்றார் கோமதிநாயகம். “உனக்கு எதுக்குல அந்தக் கஷ்டம்?”

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்காக இப்படி யோசித்தவர் எவரும் இல்லை.

கோமதிநாயகம் தினமும் ஏழு தண்ணீர் அலசினார். ஏமாற்றாத ஏழு. கழுநீரைத் தொட்டியில் ஊற்றுவார். சோறு வெந்ததும் கஞ்சியைச் சொட்டுவிடாமல் வடித்து அதையும் தொட்டிக்குக் கொண்டுபோவார். தாசில்தார் மூக்கு முங்கக் குடித்துவிட்டு, மேலே தவிட்டையும் தின்னும். இலையில் சோறு மல்லிகைப்பூக் குவியலாக விழும். மாசானம் மலை மலையாகத் தின்பான்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் நடுவில், மாசானம் பாதிப் படியில் குடத்தை இறக்கி வைத்தான்.

“என்னல?”

“தெரியல அண்ணாச்சி. உள்ளங்கால் எரியுது. கால் என் கால் மாதிரி இல்லை. யார் காலையோ இரவல் வாங்கி நடக்கிற மாதிரி இருக்கு.”

“நேத்து எத்தனை கை சோறு தின்ன?”

“நாலு கை குறைச்சல்.”

“அதான்,” என்ற கோமதிநாயகம், மறுநாள் இரண்டு கரண்டி கூட வைத்தார். அரிசியில்தான் ஏதோ அசுத்தம் இருக்கிறது என்று ஒன்பது தண்ணீர் அலசினார். அப்புறம் பதினொன்று.

மாசானத்தின் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடித்தான். பிறகு தூணும் போதவில்லை. ஒருநாள் சாயங்காலம் மணிக்கயிறு வரை தவழ்ந்து போனான். கயிறு கைக்கு எட்டியது. இழுக்கத்தான் முடியவில்லை.

அன்றைக்கு நோன்பு எழுபதாவது நாள். அம்மை அடிவாரத்து ஊருக்கு வந்து சேர்ந்த நாளும் அதுதான். மணி கேட்கவில்லை. கையில் எடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் படி ஏறினார்.

மாசானம் சுவரில் சாய்ந்து கிடந்தான். அம்மை அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“எத்தனை நாளாச்சு?”

“இருபத்தஞ்சு நாள் அம்மை,” என்றார் கோமதிநாயகம். “ஏதோ பாவம் தொட்டிருக்கு. ஒரு பரிகாரம் சொல்லுங்க.”

“சொல்லுதேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவுத்துட்டு வாங்க தாசில்தாரை.”

“மாடு படி இறங்குமா?”

“அவளைக் கேளுங்க.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மாசானத்தை முதுகில் தூக்கி வைத்ததும், கல்யாண வீட்டுக்குக் கிளம்பினது போலத் தாசில்தார் கிளம்பிவிட்டது. ஒருபக்கம் அம்மையும் மறுபக்கம் கோமதிநாயகமும் மாசானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதமாக அதன் தோல் அப்படி மினுமினுத்தது, மேலே உட்கார்ந்தவனுக்கு வழுக்கியது. பாதிப் படியில் கோமதிநாயகத்துக்கு மூச்சு முட்டியது. தாசில்தாருக்கு முட்டவில்லை. ஓரத்தில் கிடந்த பாறை, மாடு வருவதற்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டது.

தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. மாசானத்தைக் குந்தி உட்காரச் சொன்னார்.

“கையை ஊனாம எந்திரிங்க.”

மாசானம் முயன்றான். முகமெல்லாம் வியர்த்தது. கடைசியில் அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டான். பாறையை நகர்த்திய ஆளைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள்.

“என்ன சாப்பிடுதாரு இவரு?”

“சோறு,” என்றார் கோமதிநாயகம் பெருமையாக. “முதல்தர அரிசி. ஏழு தண்ணி அலசினது.”

“வேற?”

“மோர்.”

“வேற?”

“வெள்ளை நோன்பும்மா. வேற கிடையாது.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “எத்தனை நாளா?”

“எழுபது.”

“நீங்களும் அதேதானே சாப்பிட்டீங்க? உங்களுக்குக் கால் நல்லாயிருக்கே. நீங்க வேற என்ன சாப்பிட்டீங்க?”

கோமதிநாயகம் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அங்கேயும் ஒத்தாசை இல்லை.

“கடலை,” என்றார் மெதுவாக.

“என்ன?”

“வறுத்த நிலக்கடலை. மஞ்சப் பையில் வச்சிருந்தேன். மத்தியானம் இவன் கண்ணசந்த நேரம் ஒரு பிடி. ரெண்டு பிடின்னும் வச்சுக்கலாம்.”

படுக்கையிலிருந்து மாசானம் தலையைத் தூக்கினான். “நோன்புல கடலையா அண்ணாச்சி!”

“பசிச்சுதுல.”

“எனக்கு ஒண்ணு கொடுத்திருக்கலாம்லா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசிக்கும் மாத்திரைக்கும் எழுதினார். “சத்துக் குறைவு. சோத்துல இருக்கவேண்டிய சத்து இவரு உடம்புக்கு வந்து சேரவே இல்லை. நோன்பு போதும். பயறு, கீரை, கடலை எல்லாம் போடுங்க. இங்கேயே இருக்கட்டும்.”

“நடப்பானா?”

“பார்ப்போம். இதுக்கு மேல தாமதமாகியிருந்தா நெஞ்சைப் பிடிச்சிருக்கும்.”

பார்ப்போம் என்ற அந்தச் சொல் கோமதிநாயகத்தோடு கூடவே மடத்துக்கு ஏறி வந்தது. ஒவ்வொரு படியிலும் அது ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது.

மேலே வந்ததும் அம்மை முன்னால் நின்றார்.

“அம்மை, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“நல்ல ஆத்துப் பாசன நெல்லு. என் மில்லுல அரைச்சது. ஒரு கல் கிடையாது, ஒரு கறுப்பு கிடையாது. நானே அலசி நானே பொங்கினேன். ஒரு தூசி உள்ளே போகலை. சத்து இல்லைங்காங்க. இல்லைன்னா, எங்க போச்சு?”

அம்மை தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். காலில் எழுபது நாள் புழுதி இருந்தது.

“ஒரு ஊர்ல ஒரு பெரிய மனுஷன் இருந்தாரு. ரொம்பச் சுத்தம். அவருக்கு வெளியூர்லேருந்து ஒரு கடுதாசி வந்துது. பிரிச்சுப் பார்த்தாரு. வெள்ளைத் தாளெல்லாம் கறுப்பு கறுப்பா அழுக்கு. சகிக்கலை. ஆத்துக்குக் கொண்டுபோயி அலசினாரு. ஒரு தண்ணியில போகலை. ஏழு தண்ணி. ஏழாவது தண்ணியில தாள் பளிச்சுன்னு வந்துட்டு. வெயில்ல காயவச்சு, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, சந்தோஷமா வீட்டுக்குப் போனாரு.”

கோமதிநாயகம் காத்திருந்தார். 

“கடுதாசியில என்ன எழுதியிருந்துதாம்?”

“அவருக்கு எப்படித் தெரியும்? அலசின தண்ணியைக் குடிச்சவங்களைத்தான் கேக்கணும்.” அம்மை எழுந்தார். “நம்ம அலசின தண்ணியை யாரு குடிச்சா?”

“தாசில்தார்.”

“அப்ப நாளைக்கு ஒருநாள் அவளுக்குச் சீடனா இருங்க. இத்தனை நாள் எப்படிப் பொங்கினீங்களோ அதே மாதிரி பொங்குங்க. அடுப்படியிலேருந்து எது வெளியே போனாலும் நீங்களே தூக்கிட்டுப் போய்க் கொடுங்க. அவ என்ன சாப்பிடுதான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

கோமதிநாயகத்துக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுத்த மனுஷன். ஆனால் மாசானம் தரையில் சரிந்தது கண்ணிலேயே நின்றது. விடிந்ததும் சட்டியை எடுத்தார்.

முதல் தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார். இத்தனை நாளும் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர், இன்றைக்கு நின்று பார்த்தார். பால் மாதிரி இருந்தது. தாசில்தார் ஒரே இழுப்பில் இழுத்தது.

இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. அதைத் தாசில்தார் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பிறகு கஞ்சி. அதுவும் போனது. வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

அப்புறம் தவிடு. மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். வெதுவெதுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த வாசனைக்குள்தான் நின்றிருக்கிறார். மில்லில் முதல் மெஷின் உமியைக் கழற்றும். அடுத்தது தவிட்டை எடுக்கும். அதற்கடுத்தது மினுக்குக் கொடுக்கும். ஒரு குழாயில் வெள்ளை விழும், இன்னொரு குழாயில் பழுப்பு விழும். வந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக் குழாய் பக்கம்தான் நிற்பார்கள். அவரும் அங்கேதான் நின்றார்.

ஒரு பிடி தவிட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மாவுக்கு நடுவே பொடிப்பொடியாக மஞ்சள் துணுக்குகள். அவருக்குத் தெரியாதா என்ன? அரிசியின் மூக்கு. நெல் முளைவிடுகிற இடம். அது ஒட்டியிருந்தால் அரிசி பார்க்க அசிங்கம் என்று, ஒன்றுகூட மிஞ்சாமல் தட்டிவிடும் மெஷினை அவர்தான் தேடிப் பிடித்து வாங்கி வந்தார்.

பக்கத்தில் இறக்கி வைத்திருந்த சட்டியில் சோற்றிலிருந்து ஆவி பறந்தது. மல்லிகைப்பூ மாதிரி.

கோமதிநாயகம் சாணித் தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். தாசில்தார் வந்து, மேலதிகாரி கீழதிகாரியை விசாரிக்கிற மாதிரி, அவர் வழுக்கைத் தலையை ஒருமுறை நக்கிவிட்டுப் போனது.

வெகுநேரம் கழித்து அம்மையிடம் வந்தார். வேட்டியெல்லாம் சாணி.

“என்ன சாப்பிட்டா?” என்றார் அம்மை.

“எல்லாம்.”

“எல்லாம்னா?”

“எழுபது நாளா அவதான் சாப்பிட்டிருக்கா அம்மை. அவ சாப்பிட்டது போக மிச்சத்தைத்தான் நான் மாசானத்துக்குப் போட்டிருக்கேன்.”

அம்மை சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். அவர் குடித்தார். 

“அவன் பழைய மாதிரியே தின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஒண்ணு, ஏழுன்னு எண்ணுவான். நான்தான் ஒழுங்கா எண்ணினேன்.”

“ம்.”

“நடக்காமப் போயிட்டான்னா?”

“உரல்ல தூசி படிஞ்சு கிடக்கு,” என்றார் அம்மை. “அவன் வாறதுக்குள்ள துடைச்சு வைப்போம்.”

அன்றிலிருந்து கோமதிநாயகம் நெல் குத்தினார். அவர் குத்திய அழகை மலையே வேடிக்கை பார்த்தது. முதல் நாள் நெல்லைவிட அதிகமாகத் தன் கால்விரலைத்தான் குத்தினார். மூன்றாம் நாள் உலக்கை கை நழுவிப் படியில் உருண்டு அடிவாரம் வரை போய், டீக்கடையில் நின்றது. கடைக்காரர் மேலே கொடுத்தனுப்பும்போது, அடுத்த தடவை உலக்கையோடு அவரையும் டீ குடிக்க வரச் சொன்னார்.

ஆனாலும் தினமும் ஒரு தூக்குச்சட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. பழுப்புச் சோறு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை. மூடி மேல் ஒரு பொட்டலம் வறுகடலை. இறங்குகையில் முந்நூற்றுப் பத்து, ஏறுகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அறுபத்தொரு வயதில் தினமும்.

“எரிச்சல் எப்படியிருக்கு?” என்பார்.

“இன்னைக்குக் கட்டைவிரல் மட்டும் என்னோடது அண்ணாச்சி,” என்பான் மாசானம் ஒருநாள்.

இன்னொரு நாள், “இடதுகால் வந்துட்டு. வலதுகால் இன்னும் பஸ் ஏறலை.”

“கடலை தின்னியா?”

“நீங்க பாதி தின்னுட்டுத்தானே கொண்டாறீங்க?”

இருபத்தெட்டாவது நாள் சாயங்காலம். அன்றைக்குச் சோற்றை அம்மை கொண்டுபோயிருந்தார். கோமதிநாயகம் மேலே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படியில் யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டது.

“முந்நூத்தி ஒம்போது. முந்நூத்தி பத்து.”

சுளகு கையிலிருந்து விழுந்தது.

மாசானம் மேலே வந்து நின்றான். மெலிந்திருந்தான். ஒரு கையில் கம்பு. பின்னால் அம்மை, அவனைப் பிடிக்காமல், பிடிக்கிற தூரத்தில். அவர்களுக்குப் பின்னால் தாசில்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

“ஏல, ஏன் ஏறினே? டாக்டர் திட்டப் போறாங்க!”

“அவங்கதான் அனுப்பினாங்க. நின்னு நின்னு ஏறுன்னாங்க. நாலு எடத்துல உக்காந்தேன். பாறைகிட்ட கொஞ்சம் பேசிட்டு வந்தேன்.”

“உக்காந்து எந்திரிக்க முடியுதாலே?” என்றார் கோமதிநாயகம்.

மாசானம் கம்பைச் சுவரில் சாத்தினான். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான். மெல்லக் குந்தினான். பாதியில் முழங்கால் நடுங்கியது. கோமதிநாயகம் ஒரு அடி முன்னால் வந்தார். அம்மை கண்ணாலேயே அவரை நிறுத்தினார்.

மாசானம் எழுந்து நின்றான்.

“ஒண்ணு,” என்றான்.

மறுபடி குந்தினான். இந்தமுறை சீக்கிரம் எழுந்தான்.

“ஏழு.”

கோமதிநாயகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். மாசானம் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். அடிவாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆற்றுக்குப் போயிருந்த இரண்டு படிகளும் அன்றைக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டன என்று கேள்வி.

இலை போட்டார்கள். மாசானம் நான்கு கை கூடவே தின்றான். அவன் தின்று முடிக்கும்வரை கோமதிநாயகம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் ‘பார்ப்போம்’ எழுந்து போன இடம் தெரியவில்லை.

கை கழுவியதும் அம்மையிடம் வந்தார்.

“அம்மை, ஒரு முடிவு எடுத்துட்டேன்.”

“சொல்லுங்க.”

“மகன்கிட்டச் சொல்லி மில்லை மூடச் சொல்லப் போறேன். இனி எல்லாரும் உரல்தான்.”

“ஊர்ல எல்லார் வீட்டுலயும் மாசானம் இருக்கானா, குத்திப் போட?”

கோமதிநாயகம் யோசித்தார். தன் கால்விரலைப் பார்த்தார். “இல்லை.”

“உமியோட தின்ன முடியுமா?”

“முடியாது.”

“அப்ப மெஷின் மேல என்ன கோபம்? அதுக்கு நிறுத்துத பட்டன் இல்லையா?”

“இருக்கு. சிவப்புக் கலர்.”

“எங்க இருக்கு?”

“ஒவ்வொரு மெஷினுக்கும் இடதுபக்கம், கைக்கு எட்டுத உயரத்துல. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“முதல் மெஷினோட நிறுத்தினா?”

“உமி மட்டும் போகும். தவிடு, மூக்கு எல்லாம் அரிசியிலேயே இருக்கும். ரெண்டாவதுல லேசா ஒரு தடவை காட்டி நிறுத்தினா, கொஞ்சம் போகும், நிறைய நிக்கும். சீக்கிரம் வேகும்.” அவர் குரல் தானாக வேகம் பிடித்தது. “நெல்லை முதல்லயே புழுக்கிட்டோம்னா இன்னும் நல்லது அம்மை. அந்தக் காலத்துல என் ஐயா சொல்லுவாரு, புழுக்கும்போது மேல இருக்கிறது உள்ள இறங்கிரும்னு. அப்புறம் தேய்ச்சாலும் அவ்வளவா போகாது. கலர்தான் கொஞ்சம் மங்கலா இருக்கும். சனங்க கேக்கமாட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

“அரிசியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே சொன்னீங்க,” என்றார் அம்மை. “இதை யாரு உங்க மகனுக்குச் சொல்லுவா?”

அடிவாரத்துக் கடைக்காரர் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

 தொழுவத்தில் தாசில்தார் காலித் தொட்டியைக் கொம்பால் தட்டிப் புகார் செய்துகொண்டிருந்தது. மாசானம் அதற்குப் புல் கொண்டுபோனான். மெதுவாகத்தான், ஆனால் தன் சொந்தக் காலில்.

“அம்மை.”

“ம்.”

“நான் வந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். வெந்ததும் சொல்லுதேன்னு சொன்னீங்க.”

“திரும்பக் கேளுங்க.”

“மனசு எவ்வளவு வெள்ளையாகணும்?”

“உங்க பேத்தி பேரு என்ன அண்ணாச்சி?”

கோமதிநாயகம் உதட்டைக் கடித்துக்கொண்டார். இத்தனை நாள் தேய்த்தும் அது நாக்கு நுனியில்தான் நின்றது.

“ஆவுடை,” என்றார். “அவ ஆச்சி பேரு.”

“அது போயிராத அளவுக்கு.”